பழைய ராலே சைக்கிள், 9,000 குடுக்கலாமா?

அண்ணனுங்களா கொஞ்சம் சொல்லுங்க, ராயபுரத்துல ஒரு தாத்தா வீட்ல பழைய ராலே நிக்குது, ராடு பிரேக், 28 இன்ச் வீலு, 9,000 கேக்குறாரு. பின் வீல்ல ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியோட மூணு கியர் ஹப் (வீல் நடுவுல கியர் உள்ளயே இருக்குற உருளை), அதுல 56னு குத்திருக்கு, அது ஹப் செஞ்ச வருஷம்தான், ஆனா நடுவுல வீலை மாத்திருந்தா ஃபிரேமோட வயசு வேற இல்ல? செயின் வீல்ல ராலே சின்னமான கொக்குத் தலை மூணும் அப்படியே இருக்கு, பாத்ததுமே மனசு போயிடுச்சு.

பயமே உப்புக் காத்துதான், கடல் ரெண்டு தெரு தள்ளி. சீட் போஸ்ட்ட திருப்பிப் பாத்தேன், அசையவே இல்ல, பெடல் அச்சுக்கிட்ட பெயிண்ட் கொப்புளமா எழும்பி நகத்தால சுரண்டுனா செதில் செதிலா உதிருது. மேல் துருவா, பைப்பே அரிச்சிருக்கா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல செஞ்ச வண்டியா, நம்ம நாட்டு அசன்சோல்ல செஞ்ச சென் ராலேவான்னு எதை வெச்சு சொல்றது?

எங்கப்பா ஓட்டுன அதே மாதிரி வண்டி, விட மனசில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், விஷயம் தெரிஞ்சவங்க யாராவது கூட வந்து பாத்தா ரொம்ப நல்லாருக்கும்.