புதுப்பிப்பு: கார்த்தேஜ், சிதி பூ சயித் அரைநாள் சுற்றுலா

துனிசியாவின் தலைநகர் துனிஸிலிருந்து, பழங்கால நகர இடிபாடுகள் உள்ள கார்த்தேஜையும் அருகிலுள்ள கடலோர ஊரான சிதி பூ சயிதையும் ஒரே அரைநாளில் வழிகாட்டியுடன் பார்த்துவிட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டதால் விடையை இங்கேயே பதிகிறேன். முடியும், ஆனால் கார்த்தேஜின் பழைய கோட்டை இருந்த பிர்சா குன்றில் நிதானமாக நிற்க நேரம் கிடைக்காது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய அந்தோனினஸ் குளியல் மாளிகையில்தான் வழிகாட்டியின் அருமை புரிந்தது. கடலோரத்தில் நாம் நடந்து திரியும் தடித்த சுவர்களும் வளைவுகளும் குளியல் கூடங்கள் அல்ல, அவற்றைத் தாங்கிநின்ற கீழ்த்தளமே என்று சொல்லி, மீண்டும் நிறுத்தப்பட்டுள்ள சுமார் 15 மீட்டர் உயரத் தூணை அவர் காட்டினார். கூரை எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்பது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகே எனக்கு உறைத்தது. ரோமானியருக்கு முந்தைய கார்த்தேஜியர்களின் போர்க்கப்பல்கள் நின்ற பியூனிக் துறைமுகத்தின் வட்டக் குளம், இன்று வீடுகளுக்கு நடுவே ஊருணி போல அமைதியாகக் கிடக்கிறது. அங்கிருந்து பத்தே நிமிடத்தில் கிளப்பிவிட்டார்கள். என் ஒரே குறை அதுதான்.

வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமான சிதி பூ சயிதில் நெரிசல் அதிகம். பைன் பருப்பு மிதந்த புதினாத் தேநீர் மட்டும் நாவில் நிற்கிறது. நுழைவுச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரே சீட்டு கார்த்தேஜின் பல இடங்களுக்கும் செல்லும்.