எட்டாம் இரவா, ஒன்பதாம் நாளா?

கரும்புக்கட்டு:
மேலே ஒருவர் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "சீனப் புத்தாண்டுப் பெருநாள் ஒன்பதாம் நாள் காலையில் கரும்பு வைத்து வானக் கடவுள் தீகோங்கைக் கும்பிடுவார்கள், சின்ன வயதில் பார்த்தது, இப்போது யாருக்கு நேரம்?" என்கிறார். காலையிலா? என் அம்மா ஹொக்கியென் சீனர். பினாங்கில் அமா, அதாவது பாட்டி, வீட்டு வாசலில் எட்டாம் இரவு பதினொரு மணிக்கே மேசை போட்டாகிவிடும்.

பட்டர்வொர்த் பையன்:
நான்தான் எழுதினேன். ஒன்பதாம் நாள்தானே தீகோங் பிறந்தநாள்? பக்கத்து வீட்டில் காலையில்தான் பார்த்தேன். நான் சொல்ல வந்ததே வேறு. கோலாலம்பூரில் வேலை, பெருநாளுக்கு விடுமுறை இரண்டே நாள். ஒன்பதாம் நாள் வரை ஊரில் யார் இருக்க முடியும்?

கரும்புக்கட்டு:
நன்றாகத் தூங்கி எழுந்து போய்ப் பார்த்தால் சாம்பலைத்தான் பார்த்திருப்பீர்கள் தம்பி. தோகையோடு முழுக் கரும்பு இரண்டு, மேசைக்கு இரு பக்கமும் சிவப்புக் காகிதம் சுற்றிக் கட்டுவோம். பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. வேரில் மண் அப்படியே இருக்கும், உதிர்ந்து காலெல்லாம் மண். அங்கூ என்ற சிவப்பு ஆமை வடிவப் பலகாரம், அன்னாசி, சுட்ட பன்றி எல்லாம் வைத்து, கடைசியில் தங்க நிறப் பூசைக் காகிதத்தைக் கொளுத்தி அதன்மேல் கரும்பைப் போடுவார்கள். எல்லாம் இருட்டில். ஹொக்கியென் முன்னோர் எதிரிக்குப் பயந்து கரும்புக் காட்டில் ஒளிந்து பிழைத்த கதையை அமா அப்போதுதான் சொல்வார். நம்பாவிட்டால் எட்டாம் இரவு பினாங்கில் கடல்மேல் வீடு கட்டியிருக்கும் சியூ ஜெட்டியில் போய் நில்லுங்கள்.

ஈப்போக்காரி:
ஹொக்கியென் மட்டும்தான் சீனரா? எங்கள் தெரு முழுக்கக் கண்டனீஸ். கரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பெருநாளுக்கு முன்னால் கரி அடுப்பில் குவே கப்பிட் என்ற மெல்லிய மொறுமொறுப் பலகாரம் சுடுவார்கள். அச்சிலிருந்து எடுத்த உடனே மடிக்க வேண்டும், ஆறினால் உடைந்துவிடும். தோழி வீட்டில் மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் சிவந்துபோகும். இப்போது அவளே டின்னில் வாங்குகிறாள், வேலை முடிந்து வரவே எட்டு மணியாம்.

கரும்புக்கட்டு:
அக்கா, பேச்சு குவே கப்பிட் பற்றி இல்லை. எட்டாம் இரவா இல்லையா?

ஈப்போக்காரி:
பேச்சு சின்ன வயதைப் பற்றி என்றுதான் நினைத்தேன். போன வருடம் நாசி லெமாக் சோற்றுப் பேச்சுக்கும் இப்படித்தான் எல்லாரையும் அடக்கினீர்கள்.

பட்டர்வொர்த் பையன்:
அதேதான். பினாங்குத் தீவுக்காரர்களுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த் பக்கம், ஊரே கிடையாது. எங்கள் பக்கம் காலையில்தான்.

கரும்புக்கட்டு:
பாலத்தை ஏன் இழுக்கிறீர்கள்? ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரத்தில் கும்பிடுவதுதான் பூசை. விடிந்தபிறகு வாழ்த்துச் சொல்ல அது ஆபீஸ் பிறந்தநாளா? சரி, நேரமில்லை என்றீர்களே, கேளுங்கள். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். 2025-ல் எட்டாம் இரவு புதன்கிழமை, லீவு கிடைக்கவில்லை. அம்மா போனைத் திருப்பி மேசையைக் காட்டினார். கரும்பு ஒன்றுதான் நின்றது, இன்னொன்றைப் பிடிக்க ஆள் இல்லையாம். அப்போது மணி பதினொன்றே முக்கால். இரவு.

பட்டர்வொர்த் பையன்:
அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டில் காலையில்தான். அங்கூ இன்னும் சூடாக இருந்தது, கையில் வாங்கித் தின்றவன் நான்.

கரும்புக்கட்டு:
சூடுபடுத்திக் கொடுத்திருப்பார்கள். எட்டாம் இரவு.