பழைய ஆளுக்கு நன்றிக்கடன், கம்பெனிக்கு அடுத்த படி: இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

உற்பத்தியாளன்:
வணக்கம். நானும் கூட்டாளியும் சேர்ந்து நடத்தும் கம்பெனி நன்றாகவே போகிறது. இரண்டாவது யூனிட் போடலாம் என்பது என் எண்ணம், ஆர்டர் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார். ஆனால் அந்த அளவுக்கு வளர்ந்தால் நிதிப் பக்கத்தைப் பார்க்கத் தனியாகப் படித்த மேலாளர் ஒருவர் வேண்டும். எங்கள் கணக்காளர் முதல் நாளிலிருந்து கூட இருப்பவர், சம்பளம் தர முடியாத மாதங்களில் "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தவர். அவருக்கு மேலே ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க மனசு வரவில்லை. கூட்டாளியோ "இருப்பதே போதும், இதற்கு மேல் ஆசைப்படுவது ஏறிவந்த ஏணியை எட்டி உதைக்கிற வேலை" என்கிறார். வளர நினைப்பது உண்மையிலேயே நன்றிகெட்டதனமா?

கணக்கன்:
நான் உங்கள் கணக்காளர் இடத்தில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். எனக்கு மேலே ஆள் போட்டது வலிக்கவில்லை. வேலை என் கையை மீறிவிட்டது என்பது எனக்கே தெரியும், வருட முடிவில் ஆடிட்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் ராத்திரி உட்கார்ந்து பதில் தேடியது நான்தானே. வலித்தது வேறு. ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது, "புது மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கோங்க" என்றார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க முதலாளி என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. அவருக்கு என்மேல் நன்றி இருந்தது, அதில் சந்தேகமே இல்லை, அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல்தான் ஒதுங்கிப் போனார். நீங்கள் ஆள் தேட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே உங்கள் கணக்காளரிடம் பேசிவிடுங்கள், இன்டர்வியூவிலும் அவரைக் கூட உட்காரவையுங்கள்.

பட்டறைக்காரர்:
அமெரிக்காவின் கேம்ப்பெல் சூப் என்ற உணவு நிறுவனத்துக்கு 2001 முதல் 2011 வரை தலைவராக இருந்த டக் கோனன்ட் ஊழியர்களுக்குக் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்புகள் 30,000-க்கும் மேல். இதைப் பலரும் சொல்வார்கள். அதே மனிதர் வந்த முதல் 3 வருடத்தில் தலைமைப் பொறுப்புகளில் இருந்த 350 பேரில் 300 பேரை மாற்றினார் என்பதை அவ்வளவாக யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. மாற்றாக வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளேயே இருந்து மேலே வந்தவர்கள். குறிப்புகளிலும் "உங்கள் உழைப்புக்கு நன்றி" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், இன்னார் இன்னதைச் செய்தார் என்று குறிப்பிட்டே எழுதினார்.

நன்றிக்காக ஒருவரைத் தாங்க முடியாத பொறுப்பில் விட்டுவைப்பது அவருக்குச் செய்கிற நல்லதே இல்லை சார். நாளைக்குக் கடன் கணக்கில் ஒரு பிசகு வந்தால் பழி அவர் தலையில்தான் விழும்.

நடுநிலை:
கூட்டாளி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், எதற்காக வளர வேண்டும் என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் பெரிதாகிவிட்டான் என்பது மட்டும் காரணம் என்றால் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் நன்றியோடு இருந்தால் ஓட்டம் நின்றுவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்மன்ஸ், மெக்கல்லஃப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரிய விஷயங்களை வாராவாரம் எழுதியவர்கள் தொல்லைகளை எழுதியவர்களைவிட வரப்போகிற வாரத்தை நம்பிக்கையோடு பார்த்தார்கள், உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்கள்.

அப்புறம் ஒன்று. அந்தச் சம்பளம் வராத மாதங்களின் பாக்கியைக் கொடுத்தாகிவிட்டதா? வளர்ச்சியில் அவருக்குப் பங்கு என்ன? வாயால் சொல்கிற நன்றியைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆபத்தில் பங்கெடுத்தவருக்கு லாபத்திலும் பங்கு இருக்க வேண்டும், அது இல்லாமல் இரண்டாவது யூனிட் போட்டால் உங்கள் கூட்டாளி சொன்னது சரியாகிவிடும்.

உற்பத்தியாளன்:
பாக்கி எல்லாம் அப்போதே தீர்த்தாகிவிட்டது. லாபத்தில் பங்கு என்பதை நான் யோசித்ததில்லை, இன்றே கூட்டாளியிடம் பேசுகிறேன். என் பயம் வேறு: விஷயத்தைச் சொன்னதும் அவர் "நான் விலகிக்கறேன் சார், எதுக்குச் சங்கடம்" என்றுதான் சொல்வார். அவர் குணம் அப்படி.

கணக்கன்:
அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே சரி என்றும் சொல்லாதீர்கள், கையைப் பிடித்துக் கெஞ்சவும் வேண்டாம். பழைய யூனிட்டின் கணக்கு அவர் பொறுப்பு, கையெழுத்து அதிகாரம் அப்படியே தொடரும், சம்பளம் குறையாது, லாபத்தில் இவ்வளவு சதவீதம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் யோசிக்க விடுங்கள். எழுத்தில் இருப்பது முக்கியம். வாய்ப்பேச்சாக விட்டால் புது மேலாளர் வந்த ஆறாவது மாதம் அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.