29சி பேருந்தில் என் கம்பு

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். பத்து வயதில் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து சிலம்பம் கற்றேன். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல்தான் எங்கள் களம். முதல் மூன்று மாதம் வாத்தியார் கம்பையே தொடவிடவில்லை, வெறும் காலடிதான். "ஏட்டி, காலைச் சரியா வை. கம்பு தானா சுத்தும்" என்பார். சின்ன ஊர் இல்லையா, நாங்கள் வீடு திரும்புவதற்குள் அன்றைக்கு யார் கால் பிசகியது என்று டீக்கடை வரை தெரிந்திருக்கும். அப்போது எரிச்சலாக வரும். இப்போது அப்படிச் சொல்ல ஆள் இருந்தால் தேவலை என்றிருக்கிறது.

என்னை நிறுத்தியதும் அதே ஊர்தான். நான் பெரியவளானதும், "பொம்பளப் பிள்ளைக்கு இனிமே கம்பு எதுக்கு" என்றாள் ஆச்சி. வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்குப் பையன்கள் கம்பு சுற்றியதை ஓரமாக நின்று பார்த்தேன். அந்த வலி இன்னும் இருக்கிறது.

அப்புறம் படிப்பு, கல்யாணம், சென்னை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் கம்பு வீசுவதைச் செய்தியில் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பரணில் கிடந்த என் கம்பை எடுத்துத் துடைத்து, பொதிகை எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஞாயிறு விடியற்காலை பெரம்பூரில் 29சி ஏறினேன், பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக. கம்புக்கு லக்கேஜ் கேட்பாரோ என்று ஒரு பயம். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "கம்பைக் காட்டும்மா."

வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோணல் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டே வந்தார். நான்காவது கணுவில் விரல் நின்றது. முடி மாதிரி ஒரு விரிசல். இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை.

"எண்ணெய் காட்டாம விட்டிருக்கியேம்மா. வேகமா வீசினா இங்கதான் பொளக்கும்." கம்பை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "நெத்திக்கு வரணும். இது சின்னப் புள்ள கம்பு."

"என் கம்புதான் அண்ணே. பத்து வயசுல வாங்கினது."

அவர் சட்டென்று ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானும் வியாசர்பாடியில் சின்ன வயதில் கற்றதாகவும், வேலை முடிந்து வரும் பெரியவர்கள் ராத்திரியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் சொல்லிக்கொடுத்ததாகவும் சொன்னார். டூட்டி மாறி மாறி வந்ததில் பழக்கம் விட்டுப்போனதாம்.

அன்று கடற்கரையில் கம்பைக் கீழே வைத்துவிட்டு, அலை வந்துபோன ஈர மணலில் காலடி மட்டும் வைத்துப் பார்த்தேன். நடக்கப் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தப்பைச் சொல்லவும் ஆளில்லை. மணல்தான் சொன்னது. இடது குதிகால் தடம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. எடை முழுவதையும் பின்னால் வைக்கிறேன். வாத்தியார் அன்றைக்குத் திட்டியதும் இதற்குத்தான்.

மூங்கில் கடையில் புதுக் கம்பு வாங்கி, நெற்றி உயரத்துக்கு அறுத்து, கணுக்களை இழைத்து நல்லெண்ணெய் தடவினேன். கண்டக்டர் அண்ணனை அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு பார்த்தேன். பெசன்ட் நகரில் வண்டி நின்று எல்லாரும் இறங்கியதும், பையைச் சீட்டில் வைத்துவிட்டு அவரும் இறங்கினார். கம்பை வாங்கி ஒரே ஒரு வீச்சு. விர்ரென்று காற்றை அறுத்த அந்தச் சத்தம் எங்கள் பொட்டலில் வாத்தியார் கம்பிலிருந்து வந்த அதே சத்தம். நான் சுற்றும்போது அது இன்னும் வரவில்லை.