‘நித்திய வெளிச்சம்’ என்றால் திங்கட்கிழமை சாயங்காலம் ஏன் இருட்டுகிறது?

வாலிபர்_ஐக்கியம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஏசாயா 60:19-ல் கர்த்தரே நமக்கு நித்திய வெளிச்சம் என்று இருக்கிறது. புது வருஷ ஆராதனையில் அதை வாக்குத்தத்த அட்டையாக (அந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட அட்டை) வாங்கி, சுவரிலும் ஒட்டிவிடுகிறோம். வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: “ஞாயிறு ஆராதனையில் உணருகிற தேவ பிரசன்னம் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் போய்விடுகிறதே, அப்புறம் எது நித்தியம்?” ‘உனக்கு விசுவாசம் பத்தாது’ என்று அவன் வாயை அடைக்க மனசில்லை. வேத ஆதாரத்தோடு, தினமும் செய்யக்கூடியதாகப் பதில் வேண்டும்.

பழைய_ஏற்பாடு:
அந்த வசனம் நிறைவேறுகிற இடம் வெளிப்படுத்தல் 21:23, 22:5. சூரியனும் விளக்கும் வேண்டாத நகரம் அது. இப்போது நம் கையில் இருப்பது விளக்குதான். அட்டையில் ஒற்றை வசனம் மட்டும் அச்சாகிறதால் இந்த வித்தியாசம் அடிபட்டுப் போகிறது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக்கூடாரத்துக் குத்துவிளக்கைப் பாருங்கள். யாத்திராகமம் 27:20 அது எப்போதும் எரியவேண்டும் என்கிறது. அடுத்த வசனமே சாயங்காலம் தொடங்கி விடியும்வரை என்கிறது. முரண்பாடு இல்லை. அங்கே வரும் எபிரெயச் சொல் ‘தாமீத்’; ‘இடைவிடாமல்’ என்பதோடு ‘தவறாமல், நாள்தோறும்’ என்ற பொருளும் அதற்கு உண்டு. 1 சாமுவேல் 3:3-ல் சாமுவேல் படுத்திருக்கும்போது தேவனுடைய விளக்கு இன்னும் அணையவில்லை என்று வருகிறது. விடிந்தால் அணையும் என்பது அதிலேயே தெரிகிறது.

எண்ணெய் விளக்கு எரிய எரியத் திரியின் நுனி கருகி முடிச்சாகும். எண்ணெய் நிறைய இருந்தாலும் அந்தக் கரி அதை இழுக்காது. சுடர் சிறுத்துப் புகைதான் வரும். அதனால்தான் யாத்திராகமம் 25:38-ல் கத்தரிகளும் சாம்பல் பாத்திரங்களும் வருகின்றன. கரியை அள்ளுகிற பாத்திரம்கூடப் பசும்பொன்! பெரும்பாலும் நம்மிடம் குறைவது எண்ணெய் அல்ல, கரி வெட்டுவதுதான். பாவ அறிக்கையைத் தள்ளிப்போட்டுவிட்டு இன்னும் இரண்டு பாட்டு, இன்னொரு கூட்டம் என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம்.

யோவான்_வகுப்பு:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. நாம் திரி வெட்டினால்தான் தேவன் இருப்பார் என்று தம்பி புரிந்துகொள்ளக்கூடாது. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலருக்கு வழிகாட்டிய மேகஸ்தம்பமும் அக்கினிஸ்தம்பமும் ஜனங்களைவிட்டு விலகவில்லை (யாத். 13:22), முறுமுறுத்த நாட்களிலும் அவர்களோடு போயின. பிரசன்னம் அவருடைய வாக்கு. உணர்வு ஏறும், இறங்கும்.

ஞாயிறு–திங்கள் சிக்கலுக்கு நேரான இடம் யோவான் 8:12. யூதரின் கூடாரப்பண்டிகையில் எருசலேம் தேவாலயத்தின் பெண்கள் பிராகாரத்தில் உயரமான பொன் விளக்குத்தண்டுகள் ஏற்றப்படும். ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு கிண்ணங்கள், ஏறி எண்ணெய் ஊற்ற ஏணிகள். ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்துத் திரி திரிப்பார்கள். எருசலேமில் அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லை என்று யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. இயேசு ‘நான் உலகத்திற்கு ஒளி’ என்று பேசியது தருமப்பெட்டி இருந்த இடத்தில் (8:20), அதாவது அதே பிராகாரத்துப் பக்கம். பண்டிகை விளக்கு பண்டிகையோடு முடியும். அவரோ ‘என்னைப் பின்பற்றுகிறவன்’ என்கிறார். அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அல்ல, பின்னால் நடக்கிறவனுக்குத்தான் அந்த வாக்கு. ஆராதனை உணர்வைத் திங்கட்கிழமைக்குச் சுமந்துபோகப் பார்ப்பது பண்டிகை விளக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலை.

மறைக்கல்வி_ஆசிரியை:
கத்தோலிக்க வழக்கத்திலிருந்து ஒன்று. லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த ஆன்ம சோதனைக்கு, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன் ஆராய்ந்து பார்க்கிற ஜெபத்துக்கு, கால்மணி நேரம் போதும். முதலில் நன்றி. அடுத்து, தன்னை உள்ளபடி காண அருள் கேட்பது. பிறகு எழுந்தது முதல் ஒவ்வொரு மணி நேரமாக அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம்.

பலர் சறுக்குவது முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதில் குதிப்பதால். அப்போது அது கடவுள் முன் நிற்பதாக இல்லாமல் தன்னைத்தானே திட்டிக்கொள்வதாகிவிடும். தீர்மானமும் ‘இனி கோபப்படமாட்டேன்’ என்று இருந்தால் நிற்காது. ‘நாளை மதியம் அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பேன்’ என்று இருக்கட்டும். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்யவேண்டாம், மூன்றாவது படியிலேயே தூக்கம் வந்துவிடும்.

வாலிபர்_ஐக்கியம்:
நன்றி டீச்சர், நன்றி அண்ணன்மாரே. காலையா இரவா, எது முக்கியம்? இரண்டும் என்றால் தம்பிமார் ஓடிவிடுவார்கள்!

பழைய_ஏற்பாடு:
யாத்திராகமம் 30:7-8-ல் இரண்டுமே உண்டு: காலையில் விளக்கைச் சுத்தம்பண்ணுவது, மாலையில் ஏற்றுவது. ஓடுவார்கள் என்றால் டீச்சர் சொன்னதை இரவில் ஐந்து நிமிஷமாகச் சுருக்குங்கள். காலையில் சங்கீதம் 119:105-112, எட்டே வசனம். ஒரு வாரம் முழுக்க அதையே வாசிக்கட்டும். ‘கால்களுக்குத் தீபம்’ என்று தொடங்கி, இரண்டே வசனம் தள்ளி ‘நான் மிகவும் உபத்திரவப்படுகிறேன்’ என்று வருகிறது. அந்த 107-ஐத் தம்பியிடம் காட்டுங்கள். அவன் கேட்ட கேள்வி அங்கேயே இருக்கிறது.