பேஸ்மேக்கர் லீட் இருக்கிற இடத்தைச் சொல்ல பீஏ படம் மட்டும் போதுமா?

கல்முனைக்கதிர்:
வணக்கம். பேஸ்மேக்கரை வெளி மாவட்டத்தில் பொருத்திவிட்டு எக்ஸ்ரேக்கு மட்டும் அம்பாறைப் பக்க ஆதார வைத்தியசாலைகளுக்கு வருகிற நோயாளிகள் இருக்கிறார்கள். சீட்டில் 'செஸ்ட் பீஏ' (முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கிற நேர் நெஞ்சுப் படம்) என்று மட்டும் எழுதியிருக்கும். அப்படி ஒரு படத்தில் லீட் (பேஸ்மேக்கர் பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர்) நுனி முள்ளந்தண்டுக்கு இடப்பக்கம், இதயத்தின் கீழ்முனையை நோக்கி, பார்வைக்குச் சரியாகத்தான் கிடக்கிறது. ஆனால் பேஸிங் (பேஸ்மேக்கரின் தூண்டல்) ஓடும்போது எடுத்த ஈசிஜியில் வீ1இல் (நெஞ்சில் ஒட்டும் முதல் முனை) மேல்நோக்கிய ஆர் அலை உயரமாக நிற்கிறது. வலது இதயவறையை (வலப்பக்கக் கீழறை) தூண்டினால் வீ1இல் அலை கீழ்நோக்கி நிற்கிற லெப்ட் பண்டில் பிளாக் வடிவம்தானே வரவேண்டும்? அடுத்து என்ன பார்ப்பது?

வாவிக்கரை:
தம்பி, லெட்ரல் (பக்கவாட்டு) படம் இல்லாமல் இதற்குப் பதில் இல்லை. பீஏயில் முன்னுக்கு இருப்பதும் பின்னுக்கு இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வலது இதயவறை மார்புப்பட்டைக்கு நேர் பின்னால் இருக்கிற அறை. ஆகவே லெட்ரலில் லீட் முன்னோக்கி வளைந்து மார்புப்பட்டைப் பக்கம் முடியவேண்டும். முள்ளந்தண்டை நோக்கிப் பின்னால் திரும்பினால் இரண்டு சந்தேகம்: இதயத்தின் பின்பக்கத்துப் பெரிய நாளமான கொரோனரி சைனஸின் கிளை நாளத்துக்குள் போயிருக்கலாம், அல்லது இரண்டு சோணையறைகளுக்கும் (மேலறைகள்) நடுவிலுள்ள சுவரின் துளை வழியாக இடது இதயவறைக்குள் புகுந்திருக்கலாம். இரண்டாவதில் பீஏ படத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. லீட் சோணையறை மட்டத்திலேயே, வழமையைவிட உயரத்தில், இடப்பக்கம் தாண்டும்.

அதற்கு முன் ஈசிஜியைத் திரும்ப எடுங்கோ. வீ1, வீ2 இரண்டையும் 2ஆம் 3ஆம் விலா இடைவெளியில் ஒட்டுவது எல்லா வாட்டிலும் நடக்கிற பிழை. 4ஆம் இடைவெளியில் சரியாக வைத்து ஒன்று, ஓர் இடைவெளி இறக்கி இன்னொன்று எடுங்கோ. இறக்கினதும் உயர்ந்த ஆர் அலை மறைந்து, வீ3இலும் அலை கீழ்நோக்கி நின்றால் லீட் பெரும்பாலும் வலது பக்கத்தில்தான்.

டிவைஸ் கார்ட்டையும் கேளுங்கோ. சீஆர்டி (இரண்டு இதயவறைகளையும் சேர்த்துத் தூண்டுகிற வகை) என்றால் ஒரு லீட் பின்னால் கிடப்பதே நோக்கம். இடது பண்டில் (இடப்பக்கம் மின்தூண்டலைக் கடத்தும் நார்க்கட்டு) பகுதியில் பொருத்தும் முறையிலும் வீ1இல் கடைசி ஆர் அலை வருவது சரியான விடயம். ஆனால் அதில் நுனி இதயத்தின் கீழ்முனையில் இராது, நடுச்சுவரில் இருக்கும்.

கல்லடிப்பாலம்:
படம் எடுக்கிற பக்கத்தைச் சொல்கிறேன். எக்ஸ்ரே குழாயிலிருந்து படம் வரை 180 சென்டிமீற்றர் தூரம், ஆழமான மூச்சு. லெட்ரலுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லாதீர்கள். பொருத்திய முதல் சில வாரங்கள் லீட் இழுபட்டு நுனி கழன்றுவிடலாம். சேலைன் ஸ்டாண்டை முன்னால் வைத்து, நெஞ்சு மட்டத்தில் பிடிக்கச் சொன்னால் போதும். வழமையான நெஞ்சுப் படத்தைவிடச் சற்றுக் கூடிய ஊடுருவல் வேண்டும், இல்லாவிட்டால் இதய நிழலுக்குள் லீட் தெரியாது. டிவைஸ் பெட்டி முழுதும் படத்துக்குள் வரவேண்டும். தோள் பக்கத்தை வெட்டாதீர்கள்.

பெரிதாக்கி ஹெடரை (பெட்டியில் லீட் சொருகும் தலைப்பகுதி) பாருங்கள். லீட்டின் பின் முனை திருகுக் கட்டையைத் தாண்டி நிற்கவேண்டும். தாண்டாவிட்டால் நுனி எவ்வளவு சரியாக இருந்தும் பேஸிங் விட்டுவிட்டு நிற்கும். பிறகு, சோணையறை லீட்டின் 'ஜே' வளைவு நுனி மேல்நோக்கி இருக்கிறதா, இதயத்துக்குள் லீட் விறைத்து நேராக நிற்கிறதா, பெட்டியைச் சுற்றி வயர் முறுக்கேறிக் கிடக்கிறதா என்று. முறுக்கு என்றால் நோயாளி பெட்டியைத் தோலுக்கடியில் திருப்பிக்கொண்டிருக்கிறார். நுனி அரை சென்டிமீற்றர் நகர்ந்ததா என்பதைப் பழைய படம் இல்லாமல் யாராலும் சொல்ல ஏலாது. பொருத்திய இடத்தில் எடுத்த படத்தின் இறுவட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கல்முனைக்கதிர்:
நன்றி அண்ணன்மார். லெட்ரலில் பின்னால் திரும்பியிருந்தால் எக்கோவா (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்), சீடி ஸ்கேனா?

வாவிக்கரை:
முதலில் எக்கோ. நுனியைத் தேடி மினக்கெட வேண்டாம். உலோகத்தின் எதிரொலி அதை வேறு இடத்தில் காட்டும். வலது சோணையறையில் லீட்டைப் பிடித்து, அது எந்த வால்வைக் கடக்கிறது என்று பின்தொடருங்கோ. முக்கூர் வால்வு என்றால் வலது. இருகூர் வால்வைக் கடந்தால் இடது இதயவறை. அதில் இரத்தக்கட்டி பிடித்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆகவே அன்றைக்கே பொருத்திய குழுவுடன் பேசவேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரினா, லீட்டை எடுப்பதா என்பது அவர்கள் முடிவு. இரண்டு வால்வையும் கடக்கவில்லை என்றால் கொரோனரி சைனஸைத்தான் நினைக்கவேண்டும். இதயச்சுற்றுப்பையில் புதிதாக நீர் தெரிகிறதா என்றும் பாருங்கோ.

சீடி ஸ்கேன் வேண்டியது லீட் இதயச் சுவரைத் துளைத்த சந்தேகத்துக்கு: நெஞ்சுவலி, விக்கல், பிரிமென்தகடு துடிப்பது. ஈசிஜியோடு ஒத்திசைத்து, 1 மில்லிமீற்றருக்கு மெல்லிய வெட்டுகளாக எடுக்கவேண்டும். மென்திசு விண்டோவில் (திரையில் மென்திசுக்களைக் காட்டும் ஒளி அமைப்பு) பார்த்தால் உலோகக் கீற்று நுனியைச் சுவருக்கு வெளியே நீட்டிக் காட்டும். எலும்பு விண்டோவுக்கு மாற்றிவிட்டுத்தான் முடிவு சொல்லவேண்டும். புரோகிராமரில் (பேஸ்மேக்கரை வெளியிலிருந்து சோதிக்கும் கருவி) ஆர் அலை 5 மில்லிவோல்ற்றுக்கு மேல், திரெஷோல்ட் (இதயத்தைத் தூண்டத் தேவையான குறைந்த அளவு) 1 வோல்ற்றுக்குள் என்று நல்ல எண்கள் வந்தாலும் துளைப்பு இல்லை என்று ஆகாது.