2007 மஸ்டாங் வி6: இரட்டைச் சைலன்சர் போடலாமா?

மஸ்டாங்07:
மிச்சிகனில் இருக்கிறேன். போன மாதம் 2007 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர். பின்னால் இடது ஓரத்தில் ஒரே ஒரு சைலன்சர். வலது பக்கம் மொட்டையாக இருப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, ஜிடி (எட்டு சிலிண்டர் மஸ்டாங்) மாதிரி இரண்டு பக்கமும் குழாய் விட ஆசை. சிலர் பவர் ஏகத்துக்கும் கூடும் என்கிறார்கள். சிலர் பேக் பிரஷர் (புகை வெளியேறும்போது குழாய் தரும் எதிர் அழுத்தம்) போய் இழுவை குறையும் என்கிறார்கள். எதை நம்புவது?

கராஜ்வாசி:
பவருக்காக என்றால் வேண்டாம். 2011-இல் வந்த 3.7 லிட்டர் வி6-க்கு ஃபோர்டே இரட்டைக் குழாய் வைத்தது, 305 குதிரைத்திறனும் வந்தது. ஆனால் அது புது எஞ்சின் தந்த பவர். உங்களுடையது 210.

ஆறுசிலிண்டர்:
என் 2006 வி6-இல் இதைச் செய்து நான்கு வருடமாக ஓட்டுகிறேன். சத்தம் மாறும், அழகு கூடும். பவரில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

பேக் பிரஷர் எந்த எஞ்சினுக்கும் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். 2.5 அங்குலக் குழாய் ஒன்றின் குறுக்குப் பரப்பு சுமார் 4.9 சதுர அங்குலம். அதே அளவில் இரண்டு போட்டால் பரப்பு இரட்டிப்பாகும், புகை மந்தமாகிவிடும். சிக்னலில் கிளம்பும்போது தெரிவது அந்த மந்தம்தான். அதனால் 2.25 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்.

அப்புறம், நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். வண்டியைச் சேஸியில் பிடித்து லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே குழாயை வளைத்து வெல்டு வைத்துவிட்டார்கள். மேலே இருந்தபோது ஆக்ஸிலுக்கும் குழாய்க்கும் நடுவே என் கையே நுழைந்தது. இறக்கியதும் ஆக்ஸில் மேலேறி அந்த இடைவெளியை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'டங்' என்று இடி. ஒரு வாரம் கழித்துக் கீழே படுத்துப் பார்த்தேன்: வலப்பக்கக் குழாயின் வளைவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் தேய்ந்து வெள்ளியாக மின்னியது. வெட்டி எடுத்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. சக்கரத்தில் எடை நிற்கும் மாதிரி லிஃப்ட் உள்ள இடத்தில்தான் கொடுங்கள். வெல்டு வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

பின்பக்க உடல் ஜிடிக்கும் உங்களுக்கும் ஒன்றுதான், வலது பக்கம் சைலன்சருக்கு இடம் இருக்கிறது. ரப்பர் ஹேங்கரும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் மட்டும் தனியாக வாங்க வேண்டும். பம்பரில் வலப்பக்க வெட்டும் கிடையாது. அளந்து வெட்டலாம், அல்லது ஜிடி பம்பர் தேடலாம்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள். அதைக் கழற்றுவது அமெரிக்கா முழுக்கச் சட்டவிரோதம், செக் எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கும். எல்லா வேலையும் அதற்குப் பின்னால்தான்.

மஸ்டாங்07:
ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு குழாயையும் தனித்தனியாகவே கடைசி வரை கொண்டுபோகலாமா, நடுவில் இணைக்க வேண்டுமா?

ஆறுசிலிண்டர்:
கட்டாயம் இணைக்க வேண்டும் தம்பி. இந்த எஞ்சினில் வெடிப்பு இடம், வலம் என்று மாறி மாறி வரும். தனித்தனியாக விட்டால் ஒவ்வொரு குழாயிலும் மூன்று சிலிண்டர் சத்தம்தான் கேட்கும். 2,000 ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டரும் சேர்ந்தால் நொடிக்கு 100 வெடிப்பு, பிரித்தால் குழாய்க்கு 50. அந்த 50 காருக்குள் அடிவயிற்றில் 'ம்ம்ம்' என்று அதிரும், நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டையும் குறுக்கே இணைத்து ஒரு எச் பைப் வையுங்கள், சத்தம் கனமாக வரும். இரண்டு குழாயும் எக்ஸ் வடிவில் கலக்கும் எக்ஸ் பைப் என்றால் சுருதி கொஞ்சம் மேலே போகும். எனக்குப் பிடித்தது எச்.

உங்கள் ஊர்க் குளிரில் சாலை உப்புப் பட்டுப் பட்டு போல்டுகள் இறுகியிருக்கும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். கிளாம்ப் போட்ட இடங்களை 100 மைல் ஓட்டிய பிறகு, குழாய் ஆறியதும், இன்னொரு முறை இறுக்குங்கள். என்னுடையதில் வலப்பக்கம் கால் சுற்று தளர்ந்திருந்தது.